கடற்கரை ஓட்டலும் எண்ணெய்ச் சிகிச்சையும்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இழந்துவிட்ட சிறு சுகங்களுள் எண்ணெய் முழுக்கும் ஒன்று. வெள்ளிக்கிழமை பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, சற்று ஊறவிட்டு, சீயக்காய் அரப்பிட்டு வெந்நீரில் குளிப்பது நம் வீடுகளில் வழிவழி வந்த வழக்கம். அடுக்குமாடி வீட்டின் சிறு குளியலறையும், காலையில் ஓடிப் பிடிக்க வேண்டிய மின்சார ரயிலும் அவ்வழக்கத்தைத் தீபாவளி ஒரு நாளைக்குச் சுருக்கிவிட்டன. அதே சுகத்தை இன்று ‘ஸ்பா’ என்னும் பெயரால் கடற்கரை ஓட்டல்கள் விலைக்கு அளிக்கின்றன. விலைப்பட்டியலைக் கண்டதும் அஞ்சி ஒதுங்குவோர் நம்மில் பலர். அதில் அச்சிட்டிருப்பதை எல்லாம் நம்பிப் பணத்தைக் கொட்டுவோரும் சிலர் உளர். நடுத்தரக் குடும்பம் ஒன்று அளவான செலவில் இச்சுகத்தை எவ்வாறு பெறலாம், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்த்தலாகாது என்பவற்றைக் கேரளத்து வர்க்கலைக் கடற்கரையை உதாரணமாகக் கொண்டு ஆராய்வோம்.

ஸ்பா என்பது பெல்ஜியம் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். அங்குள்ள தாது நீர் ஊற்றுகளை நாடி நெடுங்காலமாக மக்கள் சென்று வந்தமையால், ஊர்ப் பெயரே அத்தகைய இடங்கள் அனைத்துக்கும் பொதுப் பெயராயிற்று. இங்கிலாந்தில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீரின் மருத்துவப் பயனைக் குறித்து 1750-ஆம் ஆண்டில் நூல் ஒன்று வெளியிட்டார். அதன் பின்னர் பிரைட்டன் கடற்கரைக்குச் செல்வந்தர் கூட்டம் பெருகியது. அந்தப் பிரைட்டனிலே நீராவிக் குளியலையும் உடம்பு பிடித்து விடும் கலையையும் புகழ்பெறச் செய்தவர் ஓர் இந்தியர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி. பாட்னாவில் 1759-ஆம் ஆண்டில் பிறந்த சேக் தீன் முகமது என்பவரே அவர். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரு மன்னர்களுக்கும் அவர் பணி புரிந்தார். தலைக்குத் தேய்க்கும் ‘ஷாம்பூ’ என்ற சொல்லும், பிடித்து விடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆகவே கடற்கரையில் உடம்பு பிடித்து விடும் தொழில் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை.

இனி வர்க்கலைக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே ரயில் பாதையில் அமைந்துள்ளது இவ்வூர். நிலையத்தின் பெயர் வர்க்கலை சிவகிரி. ஸ்ரீ நாராயண குரு 1928-ஆம் ஆண்டில் சமாதியடைந்த சிவகிரி இங்கேதான் உள்ளது. ஜனார்த்தன சுவாமி கோயிலை அடுத்த கடற்கரைக்குப் பாபநாசம் என்று பெயர். முன்னோருக்குப் பிதிர்க்கடன் செலுத்துவோர் அங்கு நீராடுவர். தென்கேரளத்தின் மணற்கரைகளில் காண்பதற்கரிய காட்சியாக, இங்கே செம்பாறைக் குன்று கடலை ஒட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. குன்றின் மேற்பகுதியில் பெய்யும் மழைநீர் நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள களிமண் படுகையைத் தாண்ட இயலாமல், குன்றின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அந்நீருக்கு மருத்துவ குணம் உண்டென்பது மக்கள் நம்பிக்கை. குன்றின் விளிம்பு நெடுக ஓட்டல்களும் சிறு விடுதிகளும் வரிசையாக உள்ளன. அவற்றுள் பலவற்றில் எண்ணெய்ச் சிகிச்சைக்கென ஓர் அறை இருக்கும்.

விடுமுறையில் நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ செல்லும் குடும்பங்கள் திருவனந்தபுரம் வழியாகவும், தென்காசிப் பக்கம் செல்வோர் கொல்லம், செங்கோட்டை வழியாகவும் பிரயாணத்தைத் தொடரலாம். ஆகையால் ஊருக்குப் போகும் வழியிலேயே இரண்டு நாள் இங்கே தங்கினால், தனியாக ஒரு யாத்திரைச் செலவு ஏற்படாது. சிக்கனத்தின் முதற்படி இதுவே.

சிகிச்சை அறையில் நடப்பது என்ன? எண்ணெய் தேய்ப்பதை அப்யங்கம் என்பர். மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ இளஞ்சூடாக்கி, தலையில் தொடங்கி உடல் முழுவதும் நிதானமாகத் தேய்ப்பார்கள். படுப்பதற்கு மரப்பலகை மேசை ஒன்று இருக்கும். வழியும் எண்ணெயைத் தாங்கும்படி விளிம்பு உயர்த்திக் குடைந்த மரத்தொட்டியானால் அதனை எண்ணெய்த் தோணி என்பர். பிறகு தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மரப்பெட்டிக்குள் அமரச் செய்து மூலிகை நீராவி பிடிக்கச் செய்வர். இறுதியில் பயற்றம் பொடி தேய்த்து வெந்நீரில் குளிப்பதோடு சிகிச்சை முடியும். சூடான மூலிகை மூட்டையால் ஒற்றுவது கிழி. நெற்றியில் தைலத்தைத் தாரையாக வார்ப்பது சிரோதாரை. இவ்விரண்டுக்கும் கட்டணம் அதிகம். முதல் முறை செல்வோர்க்கு அப்யங்கமும் நீராவியுமே போதுமானவை.

இவற்றால் விளையும் நன்மையையும் உள்ளபடி அறிந்துகொள்வது நல்லது. தேய்ப்பதனால் இறுகிய தசைகள் தளர்கின்றன; தோலில் ரத்த ஓட்டம் மிகுகிறது; மனம் அமைதியுற்று அன்றிரவு உறக்கம் நன்றாக வருகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கழுத்தும் இடுப்பும் கடுத்துப்போனவர்க்கு இது சிறிய நன்மையன்று. ஆனால் உடலிலுள்ள நச்சுகள் எல்லாம் வியர்வையில் வெளியேறும் என்று விலைப்பட்டியல் கூறுமாயின், அதனை நம்ப வேண்டுவதில்லை. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்புமே; கழிவுகளை நீக்கும் வேலையை ஈரலும் சிறுநீரகங்களும் செய்துகொண்டிருக்கின்றன. நீராவிப் பெட்டியிலிருந்து எழுந்ததும் எடை குறைந்து காணப்படுவது நீர் குறைந்ததனால்தான். இரண்டு குவளை நீர் பருகினால் அவ்வெடை திரும்பிவிடும்.

நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. ஆகவே ‘மூன்று நாளில் சர்க்கரை நோய் தீரும்’ என்று கூறும் இடத்தை விட்டு உடனே வெளியேறுவதே உத்தமம். அங்கே விற்கும் லேகியத்தையும் பஸ்பத்தையும் தகுதி பெற்ற வைத்தியரின் சீட்டின்றி வாங்கலாகாது. பாதரசம், ஈயம் முதலியன கலந்த மருந்துகளை முறை தவறி உட்கொண்டு நோயுற்றவர்கள் உண்டு. நாள்தோறும் உட்கொள்ளும் ரத்த அழுத்த மாத்திரையையோ இன்சுலினையோ ஓட்டல் ஊழியர் சொற்கேட்டு நிறுத்துவது ஆபத்து.

சிலர் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் உள்ளவர், திறந்த புண் அல்லது தோல் தொற்று உள்ளவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் குணமாகும் வரை காத்திருக்க வேண்டும். கால் நரம்புகளில் ரத்தம் உறைந்திருப்பவர்க்கு அழுத்தித் தேய்ப்பது உயிருக்கே கேடு விளைவிக்கலாம். இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் தம்முடைய டாக்டரைக் கேளாமல் நீராவிப் பெட்டியில் அமரலாகாது. நீரிழிவினால் பாதம் மரத்தவர் சூடான கிழி வைத்துக்கொண்டால், சுட்டுப் புண்ணாவது அவருக்கே தெரியாமற்போகும். முதியோரைப் பொறுத்தவரை பெரிய அபாயம் எண்ணெய் படிந்த தரைதான். நீராவிக்குப்பின் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதும் உண்டு. ஆகவே எழும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உடன் இருத்தல் வேண்டும்.

நல்ல இடத்தைத் தெரிந்தெடுப்பது எப்படி? கேரள அரசின் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைப் பரிசோதித்துத் தரச் சான்று வழங்கி வருகிறது. அச்சான்று நடப்பில் உள்ளதா என்று நுழைந்தவுடன் பார்க்கலாம். பி.ஏ.எம்.எஸ். பட்டம் பெற்ற வைத்தியர் முதலில் நம்மைப் பார்த்து நோய், மருந்து விவரங்களைக் கேட்கிறாரா என்பது இரண்டாவது சோதனை. ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களுமே தேய்த்து விடுதல் மூன்றாவது. இது அரசு விதித்த தரங்களுள் ஒன்றாகும். ஒருவர்க்குப் பயன்படுத்திய துணியையும் எண்ணெயையும் மற்றவர்க்குப் பயன்படுத்தாமை நான்காவது. இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. விடை கூறத் தயங்கும் இடத்தில் பணம் செலுத்தாதிருப்பதே விவேகம்.

செலவைக் குறைக்கும் வழிகளும் சில உள்ளன. கடலை நோக்கிய அறைக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தி, கோயில் பக்கமாகச் சற்று உள்ளே தங்கலாம். சிகிச்சையைத் தங்கும் ஓட்டலிலேயே பெற வேண்டும் என்னும் கட்டாயமில்லை. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துத் தேர்ந்தெடுக்கலாம். கூறும் தொகை ஒருவர்க்கா இருவர்க்கா, எத்தனை நிமிடத்துக்கு, வரியும் நீராவியும் அதில் அடங்குமா என்பவற்றை முன்னரே எழுதி வாங்கிக்கொள்வது நலம். ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025-ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது. 7 நாள், 14 நாள், 21 நாள் என்று விற்கும் நீண்ட சிகிச்சைகள் இரண்டு நாள் தங்குவோர்க்கு உரியவை அல்ல. குழந்தைகளுக்கு எவ்விதச் சிகிச்சையும் தேவையில்லை. மணலே அவர்களுக்குப் போதும். பெற்றோரில் ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் குழந்தைகளோடு இருப்பதென்று முறை வைத்துக்கொள்ளலாம்.

நமது ஆடி மாதத்தையொட்டி வருவது மலையாளத்துக் கர்க்கடக மாதம். மழைக்காலமாகிய அதுவே எண்ணெய்ச் சிகிச்சைக்கு ஏற்ற காலம் என்று கேரள வைத்தியர்கள் கருதுகின்றனர். கூட்டம் குறைந்த காலமாதலால் அறை வாடகையும் தாழ்ந்திருக்கும். ஆனால் அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். மணற்பரப்பையும் அலை விழுங்கிவிடும். சிகிச்சைக்கு உகந்த பருவம் கடல் நீராட்டுக்கு உகந்ததன்று என்பதை மறக்கலாகாது. மற்றப் பருவங்களிலும் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்குவது தவறு. கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், அதனை எதிர்த்து நீந்திக் களைத்தே பெரும்பாலும் உயிரிழக்கின்றனர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவ்வோட்டத்தின் அகலத்தைக் கடந்துவிடலாம். பின்னர் கரை நோக்கி வரலாம். காலையில் கடல், மாலையில் எண்ணெய் என்று நாளை வகுத்துக்கொள்வது சிறந்தது. வயிறார உண்டவுடன் சிகிச்சைக்குச் செல்லலாகாது. குன்றின் படிகள் செங்குத்தானவை. ஆதலால் பெரியவர்களைச் சாலை வழியே பாபநாசக் கரைக்கு அழைத்துச் செல்லலாம்.

களைப்புத் தீர ஓட்டலுக்குச் செல்லலாம். நோய் தீர ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும். வாதம், மூட்டு வலி முதலியவற்றுக்கு ஆயுர்வேத முறையிலேயே சிகிச்சை பெற விரும்புவோர்க்குத் திருவனந்தபுரத்தில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆகும் செலவு கடற்கரை ஓட்டலில் ஆவதினும் மிகக் குறைவு. கடற்கரையில் இரண்டு நாள் பெற்ற சுகத்தை வீட்டுக்குக் கொண்டு செல்வதும் நம் கையில்தான் உள்ளது. ஒரு கரண்டி நல்லெண்ணெயும், ஒரு வாளி வெந்நீரும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரமும் தில்லியிலும் மும்பையிலும் கிடைக்காதவை அல்ல. கணவன் முதுகுக்கு மனைவியும், தாயின் பாதத்துக்கு மகளும் எண்ணெய் தேய்த்து விடும் வழக்கம் நம் வீடுகளில் மீண்டும் தழைக்குமாயின், வர்க்கலைக்குச் சென்று வந்த செலவு வீணாகாது.