நாக்பூர் வெயிலுக்கு நம் ஊர் உடுப்பு சரிப்படுமா?

சித்திரை பிறந்துவிட்டால் நம் சங்கத்து வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். கூலருக்குப் புதுப் புல் மாற்றுவோம். பெட்டியில் கிடக்கும் பருத்தித் துணிகளை வெளியே எடுப்போம். முதல் காரியத்தை உள்ளூர்க்காரர்களைப் பார்த்துச் சரியாகச் செய்கிறோம். இரண்டாவதில் மட்டும் நம் புத்தி இன்னும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலுமே இருக்கிறது. "என்ன வெயில்! சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அது அந்த ஊருக்குச் சரி. இந்த ஊருக்கு அது ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முப்பத்தைந்து வருடம் இருப்புப்பாதைப் பராமரிப்பில் வெயிலோடு நடந்தவன் என்பதைத் தவிர, உடையைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை!

மே மாதத்தில் சென்னையில் 38 டிகிரி என்றால் கூடவே கடல் ஈரமும் இருக்கும். வேர்வை வழியுமே தவிர, காயாது. நாக்பூரில் 44 டிகிரி. பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவிகித அளவுக்கு இறங்கிவிடும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கூலரே போதும். வறண்ட காற்று ஈரப் புல்லின் வழியே நுழையும்போது தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதே கூலரைச் சென்னையில் வைத்தால் வீடு புழுங்குமே ஒழிய, அவ்வளவாகக் குளிராது. நம் உடம்பும் ஒரு கூலர்தான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்ப்பது சாதாரணம்.

இன்னொரு விஷயம். வெயில் காலத்தில் நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறவரை, உடம்பைத் திறந்து விட்டால் சுகம். கடற்கரை ஊர்களில் மாலைக் காற்றுக்குத் திண்ணையில் வெற்றுடம்போடு உட்காருவது அதனால்தான். காற்றே 44 டிகிரியாக வீசும்போது கதை மாறிவிடுகிறது. அப்போது காற்று நம் சூட்டை எடுத்துக்கொள்வதில்லை. தன் சூட்டை நமக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. மேலே வெயில் வேறு. இரண்டையும் ஈடுகட்ட உடம்பு கூடுதலாக வேர்க்க வேண்டியிருக்கிறது. வடக்கே 'லூ' என்று பயப்படுகிறார்களே, அந்த அனல்காற்று செய்கிற வேலை இதுதான். ஆகவே இங்கே வெளியே போகும்போது உடம்பை மூட வேண்டும்; தளர்வாக, மெல்லிய பருத்தியால், முழுக்க மூட வேண்டும்.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. நாக்பூர்-இடார்சி பாதையின் கேங்மேன்கள் சொல்லித் தந்தார்கள். மே மாத மத்தியானத்தில் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தண்டவாளம் நெளிந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்க அந்த வெயிலில் ஆள் நடந்தே ஆக வேண்டும். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நான் அரைக்கைச் சட்டையோடு நிற்பேன். அவர்கள் முழுக்கைச் சட்டை, தலையையும் காதையும் கழுத்தையும் சுற்றிய கம்சா. சட்டைப் பையில் ஒரு வெங்காயமும் இருக்கும். வெங்காயத்துக்கு விஞ்ஞானம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு வேளையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உதவியது! ஆனால் கம்சா விஷயத்தில் அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நம்மிடமும் அந்தக் கம்சா இருக்கிறது. அதற்குத் துண்டு என்று பெயர். ஆனால் அதை மரியாதைக்காகத் தோளில் போட்டுக்கொள்கிறோம். வயல் வேலை செய்கிறவர்கள் மட்டும் முண்டாசாகக் கட்டுகிறார்கள். நாக்பூருக்கு வந்துவிட்டால் எல்லோருமே துண்டைத் தோளிலிருந்து தலைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான். நனைத்துப் பிழிந்து கட்டினால் இன்னும் நல்லது. குடை பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம், ஆனால் குடை மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும், பக்கத்திலிருந்து அடிக்கும் அனலைத் தடுக்காது. நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. ஸ்கூட்டியில் போகும்போது கண் மட்டும் தெரியும்படி முகத்தையும் தலையையும் துப்பட்டாவால் சுற்றி, முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு போகிறார்கள். "கொள்ளைக்காரி மாதிரி இருக்கே" என்று கேலி செய்கிற தாத்தாக்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் செய்வதுதான் சரி.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் மாயவரத்திலிருந்து ஒரு பெரியவர், பிள்ளையைப் பார்க்க மே மாதத்தில் எங்கள் காலனிக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வேஷ்டி, தோளில் துண்டு, வேறெதுவும் இல்லாமல் கோயிலுக்கு நடந்து போய், பன்னிரண்டரைக்குத் திரும்பினார். "வேர்க்கவே இல்லையேடா, நம்ம ஊருக்கு இது தேவலை" என்றாராம் பிள்ளையிடம். சாயந்தரம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

அவர் சொன்ன அந்த வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. வேர்க்கிறது, வேர்த்த கணமே காய்ந்துவிடுவதால் தெரிவதில்லை. கறுப்பு அல்லது நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே போய் வந்து முதுகைப் பாருங்கள். வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். உடம்பிலிருந்து போன தண்ணீரின் ரசீது அது. வயதானவர்களுக்குத் தாகமும் குறைவாகவே தெரியும். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தபோது, வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் அந்த ஒரு மாதத்தில் இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். 2013ல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டமே வகுத்தது. ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிற அப்பா அம்மா, நாக்பூரில் இறங்குவது பிற்பகலில், சரியான உச்சி வெயிலில். அழைத்து வரப் போகிறவர்கள் தண்ணீரோடு ஒரு ஈரத்துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். யாருக்காவது வெயிலில் பேச்சுக் குழறினால் நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள்.

இனி துணி விஷயம். 100 கிராம் பருத்தி, காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. என் வயதுக்காரர்களுக்கு டெரிகாட்டன் மேல் உள்ள மோகம் இன்னும் போகவில்லை. கசங்காது, இஸ்திரி வேண்டாம். உண்மைதான். மே மாதத்தில் மட்டும் அதை உள்ளே வைத்துவிடுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓடுவதற்கும் ஆடுவதற்கும் போடுகிற பாலியெஸ்டர் பனியன் வேறு ரகம். இழைகளின் இடுக்கு வழியே வேர்வையை வெளியே கடத்தும்படி நெய்தது. ஆடுகளத்துக்கு அது சரி, கடைத்தெருவுக்குப் பருத்திதான்.

நிறம் பற்றி ஒரு வேடிக்கை. பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று சோதித்து, 1980ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கறுப்புத் துணி அதிகச் சூட்டை வாங்குகிறது. ஆனாலும் அங்கி தொளதொளவென்று இருப்பதால் உள்ளே காற்று ஓடி அந்தக் கூடுதல் சூட்டைத் தோலுக்கு எட்டுமுன்பே கொண்டுபோய்விடுகிறது. வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் உடம்பில் வித்தியாசமே தெரியவில்லை! நிறத்தைவிடத் தளர்வு முக்கியம் என்று ஆகிறது. உடம்போடு ஒட்டிய சட்டை என்றால் வெளிர் நிறமே நல்லது. இந்தக் கணக்கில் நம் வேஷ்டி முதல் தரமான உடை. கீழிருந்து காற்று ஏறுகிறது. ஆனால் மடித்துக் கட்டாதீர்கள். கெண்டைக்கால் வெயிலில் காய்ந்து, இடுப்பில் துணி இரண்டு மடங்காகிவிடும். மேலே ஒரு லக்னோ சிக்கன் குர்த்தா போட்டுக்கொண்டால் அழகுக்கு அழகு, காற்றுக்குக் காற்று.

புடவையைப் பற்றி நான் எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். ஆகவே என் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுங்குடி, கண்டாங்கி எல்லாம் நல்லவைதான். ஆனால் உள்ளே பளபளவென்று சாட்டின் பாவாடை கட்டினால் மேலே எந்தப் பருத்தி கட்டியும் பிரயோஜனம் இல்லை. பாவாடை பாப்ளினாக இருக்கட்டும், ரவிக்கையின் லைனிங் துணியும் பருத்தியாக இருக்கட்டும். முழங்கை வரைக்கும் கை வைத்த ரவிக்கை இந்த வெயிலுக்கு உகந்தது, பார்வைக்கும் கம்பீரம். கஞ்சி மெலிதாகப் போட்டால் துணி உடம்பில் ஒட்டாமல் நிற்கும். கெட்டியாகப் போட்டால் நூலுக்கு நடுவே உள்ள கண்கள் அடைபட்டுக் காற்று நுழையாது.

வைகாசிக் கல்யாணங்களுக்கு என்ன செய்வது? மணப்பெண்ணுக்குக் காஞ்சிபுரத்தைத் தவிர்க்க முடியாது. மற்றவர்கள் கோட்டா புடவையை யோசிக்கலாம். கோட்டா ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கைதூன் என்ற ஊரில், பருத்தியும் பட்டும் கலந்து சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்கிறார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, ஜரிகை வைத்ததும் கிடைக்கும். சந்தேரியும் அப்படித்தான். இவ்வளவு தூரம் வந்து குடியேறியதற்கு இந்த ஊர்ப் பக்கத்து நெசவையும் அனுபவிக்க வேண்டாமா!

நம் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள் என்பது இன்னொன்று. மே 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடிந்தது என்று நாம் பெருமூச்சு விடும்போது, இங்கே மே 25ல் ஆரம்பிக்கும் நவதபா பாதியில்தான் இருக்கும். ஜூன் பாதியில் மழை இறங்கும்வரை தலைத்துண்டைக் கழற்ற வேண்டாம். மழை வந்து கூலர் புழுங்க ஆரம்பித்தால், அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்: காற்றில் ஈரம் ஏறிவிட்டது, இனி அரைக்கைச் சட்டையும் பனியனும் போதும். லீவுக்குச் சென்னை போகிறவர்களும் அந்த உடுப்பையே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.