சூரியனைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும், ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு ஜைனக் குடும்பத்துடன் பழக்கமாகிவிடுகிறது. வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, இருட்டிய பிறகு சாப்பாடு கிடையாது என்பது வரை நாம் தெரிந்துகொள்கிறோம். அதற்கு மேல் கேட்கக் கூச்சம். ரயில்வேயில் என்னுடன் வேலை பார்த்தவர்களில் பல ஜைனர்கள் உண்டு. கேட்டால் அவர்கள் வருத்தப்பட்டதில்லை, சந்தோஷமாகவே சொன்னார்கள். ஷிப்ட், டியூட்டி, பரீட்சை, டிராபிக் என்று ஓடும் இந்தக் காலத்தில் அவர்கள் தங்கள் சமயத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

நாம் சமணம் என்று படித்ததும் இவர்கள் ஜைனம் என்பதும் ஒன்றே. கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, பிரம்மசரியம், பொருள் சேர்க்காமை என்று விரதங்கள் ஐந்து. துறவிகளுக்கு இவை மகாவிரதம், விதிவிலக்கே இல்லை. இல்லறத்தாருக்கு இவையே அணுவிரதம், அதாவது சிறு விரதம். கொல்லாமையிலும் நான்கு வகைத் தீங்கைப் பிரித்துச் சொல்கிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, சமைத்தல் பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முழுவதும் விட வேண்டியது முதல் வகையை. மற்றவற்றைக் கூடிய மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நயினார்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்துகொண்டே சமணர்களாக இருந்து வருவது இந்தப் பாகுபாட்டால்தான். ஏர் பிடித்தால் மண்ணில் புழு சாகத்தான் செய்யும்.

துறவிகளின் பாடு வேறு. அவர்கள் வண்டி ஏறுவதில்லை. மழைக்கால நான்கு மாதம் ஓர் ஊரில் தங்கி, மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியோடு மதுரைக்கு நடந்த கவுந்தியடிகள், வயல் வழியில் போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே என்று கவலைப்படுவார். இன்றைய சாத்விகள் நடப்பது நான்குவழிச் சாலையின் ஓரத்தில். லாரி மோதித் துறவிகள் இறந்த செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. தேராபந்தப் பிரிவின் ஆசார்ய துளசி 1980இல், வாகனத்தில் போக அனுமதியுள்ள 'சமண்' என்ற இடைநிலைத் துறவு வகுப்பை ஏற்படுத்தினார். மகாவிரதத்தைத் தளர்த்தாமல் பக்கத்திலேயே ஒரு லூப் லைன் போட்டது போல எனக்குத் தோன்றும்.

இல்லறத்தாரின் நடைமுறை முழுவதும் கடிகாரக் கணக்கு. அதனால்தானோ என்னவோ, டைம்டேபிளோடு காலம் தள்ளிய எனக்கு இதில் ஈடுபாடு. நம் நாழிகை 24 நிமிஷம் அல்லவா? அவர்களுடைய 'கடி'யும் அதுவே. இரண்டு நாழிகை சேர்ந்தது 48 நிமிஷம். சூரியன் உதித்து 48 நிமிஷம் வரை ஒன்றும் உட்கொள்ளாமல் இருப்பது 'நவ்காரசி'. பகலின் முதல் கால் பாகம் முடியும் வரை இருந்தால் 'போரிசி'. அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் 'சாமாயிக்' தியானமும் 48 நிமிஷமே. மணல் கடிகாரம் வைத்துச் செய்வார்கள். சூரியன் மறைந்தால் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் விடுவது 'சௌவிஹார்'. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றால் 'திவிஹார்'. ஊர் ஊருக்கு உதயம், அஸ்தமனம், நவ்காரசி நேரம் எல்லாம் போட்ட பஞ்சாங்கம் பல வீட்டுச் சுவர்களில் தொங்கும்.

சிக்கல் இங்கேதான். நாடு முழுவதும் நமக்கு ஒரே மணி. 1906 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அகமதாபாத் அதற்கு ஏறக்குறைய 10 பாகை மேற்கே. பாகைக்கு 4 நிமிஷம் வீதம் இங்கே சூரியன் 40 நிமிஷம் லேட். ஜனவரியில் உதயமே 7.20 வாக்கில் என்றால், நவ்காரசி முடிய 8 மணி தாண்டிவிடும். பள்ளிக்கூட பஸ்ஸோ 7 மணிக்கு வாசலில் நிற்கிறது. மாலையில் வேறு கஷ்டம். ஜூன் கடைசியில் 7.25 வரை வெளிச்சம் இருப்பதால் ஆபீஸ் விட்டு வந்து நிதானமாகச் சாப்பிடலாம். டிசம்பரில் 6 மணிக்கு முன்பே அஸ்தமனம். கொல்கத்தாவில் அதே டிசம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டு.

எங்கள் ஆபீஸில் ஒருவர் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு டப்பா கொண்டுவருவார். ஐந்தேகால் மணிக்கு இரண்டாவது டப்பா திறக்கும். அந்தப் பத்து நிமிஷம் அவரை யாரும் பைல் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. மும்பையில் வியாபாரப் பகுதிகளில் இப்படிப்பட்டவர்களுக்காகவே அஸ்தமனத்துக்கு முன் சாப்பாடு போடும் 'சௌவிஹார் ஹவுஸ்'கள் இருக்கின்றன. ஆனால் இரவு நேரத்தில் அமெரிக்கக் கம்பெனியோடு பேசி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு எந்த டப்பா உதவும்? விழித்திருப்பது ராத்திரி முழுவதும், சாப்பிடக்கூடாத நேரமும் அதுவே. ஹாஸ்டலில் மெஸ் திறப்பதே 8 மணிக்கு.

இந்தப் பிள்ளைகள் விரதத்தை விட்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று அவரவரே தீர்மானித்துச் சங்கல்பம் செய்யும் முறை அவர்களிடம் பழையது. அதற்குப் 'பச்சக்காண்' என்று பெயர். வருஷம் முழுவதும் முடியாதவர் மழைக்கால நான்கு மாதம் மட்டும் சௌவிஹார் இருக்கிறார். அதுவும் முடியாதவர் அஷ்டமி, சதுர்த்தசி போன்ற திதிகளில் பச்சைக் காய்கறியை விடுகிறார். 'முட்டி' விரதம் என்று ஒன்று உண்டு. சாப்பிட்டு முடித்ததும், 'இனி முஷ்டி மடக்கி நவகார மந்திரம் சொல்லும் வரை வாயில் ஒன்றும் போட மாட்டேன்' என்று சங்கல்பம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிஸ்கட் கொறிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பிரேக் நான் கண்டதில்லை.

உணவு விஷயம் நமக்கு ஓரளவு தெரிந்ததே. கிழங்கில் ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் என்பது அவர்கள் கொள்கை. இஞ்சி ஆகாது, தானே உலர்ந்த சுக்கு ஆகும். உருளைக்கு வாழைக்காய். நம் வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. காய்ச்சாத தயிரைப் பருப்போடு சேர்க்க மாட்டார்கள். ஆகவே தயிர்வடை கூடாது. கடுமையாக அனுசரிப்பவர்கள் முதல் நாள் அரைத்துப் புளிக்கவைத்த மாவையும் தொடமாட்டார்கள். ஆசையாக இட்லி வார்த்து வைத்துவிட்டு, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாம் மனத்தாங்கல் படக்கூடாது.

சூரியனும் கடிகாரமும் அளக்கும் விரதங்களெல்லாம் எப்படியோ தப்பிப் பிழைத்து வருகின்றன. ஐந்தாவது விரதத்தை அளக்கக் கடிகாரம் இல்லை. 'இவ்வளவுக்கு மேல் சொத்து வைத்துக்கொள்ள மாட்டேன்' என்று இல்லறத்தான் தானே வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இன்று அந்த வரம்பு எங்கே என்று என் ஜைன நண்பர்களே கேட்கிறார்கள். வெங்காயம் சேராத நூறு பதார்த்தங்களோடு நடக்கும் கல்யாண விருந்து விதிப்படி சுத்தம்தான். அபரிக்கிரகம் அதில் எங்கே இருக்கிறது? இந்த ஓட்டை புதிதும் அல்ல. ஆசார்ய துளசி 1949இல் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோது, கலப்படம் செய்யமாட்டேன், லஞ்சம் வாங்கமாட்டேன், பரீட்சையில் காப்பி அடிக்கமாட்டேன் என்பவற்றையே விரதமாகக் கொடுத்தார். எந்த மதத்தாரும் எடுத்துக்கொள்ளலாம். சர்வீஸில் நான் பார்த்த சில கான்டிராக்டர்கள் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை எடுத்திருந்தால் பல பாலங்கள் இன்னும் கெட்டியாக இருந்திருக்கும்.

ஆவணியை ஒட்டி வரும் பர்யூஷண் எட்டு நாளும் ஆறவைத்த வெந்நீர் மட்டுமே குடித்து ஆபீஸுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் சம்வத்ஸரியில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு 'மிச்சாமி துக்கடம்' என்று வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது அது பெரும்பாலும் போனில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும் வாசகமாகிவிட்டது. சண்டை போட்ட ஆளிடம் மட்டும் நேரில் போவது என்று வைத்திருக்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்.

அடுத்து நவராத்திரி வருகிறது. கொலுவுக்குப் பக்கத்து வீட்டு ஜைன அம்மாவை அழைப்பவர்கள் கவனிக்க: சப்தமி முதல் பௌர்ணமி வரை அவர்களுக்கு 'ஆயம்பில்' நாட்கள். எண்ணெய், நெய், பால், தயிர், வெல்லம், மசாலா எதுவும் இல்லாமல் ஒரு வேளை, ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. விளக்கு வைத்த பிறகு அழைத்தால் சௌவிஹாரும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மூன்று, நான்கு மணிக்கே அழையுங்கள். ஆயம்பில் இருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் சுண்டலை வற்புறுத்தாமல் தேங்காயும் குங்குமமும் கொடுத்து அனுப்பலாம்.