விரால் அடிக்குது... முள் ஏறலையா?

கோட்டக்குப்பத்தைச் சுற்றியுள்ள ஏரி, குட்டைகளில் தண்ணீர் நிற்கும் நாட்களில், விராலுக்கு ரப்பர் தவளை போடுபவர்களின் புலம்பல் ஒன்றுதான். 'படார்னு அடிக்குது, இழுத்தா வெறும் தவளைதான் வருது!'

குறை பெரும்பாலும் தவளையில்தான். பாசியில் சிக்காமலிருக்க, இரட்டை முள்ளின் நுனிகள் ரப்பர் உடலோடு ஒட்டிப் படுத்திருக்கும். உடல் அமுங்கினால்தான் முள் வெளியே தெரியும். புதுத் தவளை விறைப்பாக இருந்தால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு, கையால் பிசைந்து இளக்கலாம். பிறகு இரு நுனிகளையும் குறடால் மயிரிழை அளவு வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் திருப்பினால் பாசியைத்தான் அள்ளிக்கொண்டு வரும். வால்குஞ்சம் நீளமாக இருந்தால் மீன் அதை மட்டும் கவ்வும், பாதியாக வெட்டிவிடலாம். எடை போதாவிட்டால் சைக்கிள் பால்ஸ் இரண்டை வயிற்றுக்குள், பின்பக்கமாகத் தள்ளலாம். ஈயம் வேண்டாம்.

அடித்தவுடன் சுண்டுவதும் தவறு. ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பு இறுகிய பிறகே சுண்ட வேண்டும்.

செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்தால் அங்கே தவளை வீசக் கூடாது. காவலிருக்கும் விரால் அப்போது பசிக்கு அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அடுத்த ஆண்டு குட்டையில் விரால் எங்கிருந்து வரும்?

கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டிலோடு போக வேண்டாம். குத்தகை ஏரி என்றால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்கலாம்.