வயதானவர்களின் அட்டையா?

புக்கிட் பாஞ்சாங்கில் நான் துணைப்பாடம் சொல்லித்தரும் சிறுமிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. “தம்பி, பிள்ளைக்குத்தான் மெடிஷீல்டு இருக்கே, கிளினிக்கில் ஏன் காசு கேட்டாங்க?” என்றார் அவளுடைய அம்மா. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கான காப்புறுதி. 2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், பிறந்த குழந்தைக்கும்கூட, விண்ணப்பிக்காமலேயே கிடைக்கிறது. சந்தாவைப் பெற்றோரின் மெடிசேவிலிருந்து கட்டலாம். வருமானம் குறைந்தோருக்கு மானியம் உண்டு. 1990இல் தொடங்கிய பழைய மெடிஷீல்டோ, பிறவிக் குறைபாடுகளை 2013 மார்ச்சில்தான் ஏற்றது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்குத்தானே காப்புறுதி முதலில் வேண்டும்!

சளி, காய்ச்சலுக்கு உதவுவது வேறு: சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டம். நீல, ஆரஞ்சு அட்டை உள்ளவர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகங்களிலும் கட்டணம் குறையும். ஆனால் இது குடிமக்களுக்கு மட்டுமே. தானாகவும் வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

இதைச் சொன்னதும், “அது வயசானவங்க அட்டை இல்லையா?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2012, 2013இல் இதற்குப் பொதுவாக 40 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வரம்பு 2014 ஜனவரியில் நீங்கியது. செய்தி மட்டும் அந்த வீட்டை எட்டவில்லை.

ஒரே முகவரியில் வாழும் குடும்பத்துக்கு ஒரே விண்ணப்பம் போதும். கணக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, அக்காவின் சிங்பாஸ் வழியாக அன்றிரவே அனுப்பினோம்.