களஞ்சியப் பூனைகளுக்குக் காணும் கண் நோய்

நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேமிக்கும் குடியானவர்கள் எலிக்கு அஞ்சிப் பூனை வளர்ப்பது பழைய வழக்கம். மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் அன்றே வைத்தியரை நாடும் மிராசுதாரும், பூனைக்குட்டியின் கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டால், தானே தெளியுமென்று விட்டுவிடுகிறார். சில தினங்களில் அக்குட்டி பார்வையை இழந்துவிடுதலும் உண்டு. கண்ணிழந்த பூனையைக் களஞ்சியக் காவலுக்கு நம்புதல் இயலாது.

நோய் தொடங்குங்கால் பூனை கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருக்கும், வெளிச்சத்தில் கூசும். முதலில் தெளிந்த நீர் வடியும். பின்னர் அது மஞ்சளாகவோ பச்சையாகவோ தடித்துப் பீளையாகும். இமையின் உட்புறம் சிவந்து வீங்கும். மூக்கோரத்தில் மறைந்திருக்கும் மூன்றாவது இமை வெண்திரைபோல் மேலேறி நிற்பதுமுண்டு. இதைக் கண்ணில் பூ விழுந்ததென மயங்குதல் கூடாது. தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்து காணின், பெரும்பாலும் ஹெர்பிஸ் என்னும் வைரஸே காரணமாயிருக்கும். கிளமிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாட்களில் மறு கண்ணையும் பற்றும்.

குட்டிகள் பிறந்து 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். அதற்கு முன்னரே மூடிய இமை புடைத்திருக்குமாயின் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதென்று அறிதல் வேண்டும். இதில் ஒரு நாள் தாமதமும் கண்ணுக்கு ஆபத்து. இமையை விரலால் கிழித்துத் திறக்க முயலாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி, தாயுடன் கூடையிலிட்டுக் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

வளர்ந்த பூனையாயின், கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைத்தல் வேண்டும். ஒரு கண்ணுக்கு உபயோகித்த பஞ்சை மறு கண்ணில் வைக்கலாகாது. துடைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. நோயுற்ற பூனையைப் பிற பூனைகளிடமிருந்து பிரித்து, தனிக் கிண்ணத்தில் உணவிடுக.

புகையிலைச் சாறு, சுண்ணாம்புத் தெளிவு முதலியன கண்ணைப் பொசுக்கிவிடும். வீட்டில் எவருக்கோ வாங்கி மிகுந்துபோன சொட்டு மருந்து அதனினும் வஞ்சகமானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, பூனையின் கருவிழியில் புண்ணும் இருந்துவிட்டால், புண் ஆழ்ந்து விழியே உடையலாம். பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒன்றே உயிரைப் போக்கப் போதும். கருவிழி மங்கினாலும், கண்ணை அறவே திறக்காவிடினும், இரை எடுக்க மறுத்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுதல் நன்று. கிளமிடியாவென்று அவர் கண்டால் பல வாரங்களுக்கு மருந்து கொடுப்பதுண்டு. கண் தெளிந்ததைக் கண்டு நடுவில் நிறுத்துவோர் வீட்டில் நோய் மறுபடியும் தலைகாட்டும். ஹெர்பிஸோ உடலை விட்டு முற்றிலும் நீங்குவதில்லை. ஆயினும் எட்டு வார வயது முதல் போடும் தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும்.

போரடிக்கும் காலத்தில் ஒரு கண் மட்டும் திடீரென நீர் வடிந்தால், உமியோ பதரோ உள்ளே சிக்கியிருக்கலாம். கொதித்து ஆறிய நீரை ஊற்றிக் கழுவிப் பார்க்கலாம். ஊசியாலோ துணி முனையாலோ கிளறலாகாது. தூசு விழியில் தைத்திருந்தால் அதை எடுப்பது வைத்தியரின் வேலை.