குளத்துப் பாசிக்கும் கடல் பசுவுக்கும் என்ன சம்பந்தம்? கோட்டைப்பட்டினம் கடலுக்கு அடியில் இருக்கும் 'புல்வெளி'!

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்றாலே செய்திகளில் வருவது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். ஒன்று மீன்பிடித் தடைக்காலம், இன்னொன்று இலங்கைக் கடற்படையால் மீனவர்கள் கைது. அந்தப் படகுகள் மிதக்கும் பாக் நீரிணைக்கு அடியில் பரந்து கிடக்கும் புல்வெளியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை. இத்தனைக்கும், வலையில் ஏறும் நண்டு, இறால், ஓரா மீன் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன.

அதன் பெயர் கடற்புல். மீனவர்கள் பேச்சில் 'தாழை'. வேலியோரம் மணக்கும் தாழம்பூவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கடற்பாசி வேற, கடற்புல் வேற!

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ராமநாதபுரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கிறார்களே, அது கடற்பாசி. அதற்கு உண்மையான வேர் இல்லை, பூவும் இல்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

கடற்புல் அப்படி இல்லை. வயலில் இருக்கும் புல்லைப் போலவே இதற்கு வேர், தண்டு, இலை எல்லாம் உண்டு. பூக்கும், விதையும் விடும். பெரும்பாலான வகைகளில் பூ தண்ணீருக்குள்ளேயே மலர்கிறது. வண்டும் தேனீயும் செய்யும் வேலையை அங்கே நீரோட்டம் செய்கிறது. நிலத்துத் தாவரங்களின் வழியில் வந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்குத் திரும்பிப்போன செடிகள் இவை. உலகம் முழுக்க சுமார் 70 வகைதான் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் வகைகளில் பெரும்பாலானவற்றை மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பார்க்கலாம்.

நம்ம ஊர் குளத்தில் இருக்கும் சொந்தக்காரர்

கடற்புல்லைப் புரிந்துகொள்ள கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் கண்மாய்க்குப் போனாலே போதும்.

கரையோரச் சேற்றில் நிற்கும் கோரையும் சம்பும் ஒரு வகை. வேர் சேற்றிலும் இலை தண்ணீர் மேலும் இருக்கும் தாமரை, அல்லி இன்னொரு வகை. வேர் எதிலும் ஊன்றாமல் மிதக்கும் ஆகாயத்தாமரை மூன்றாவது. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நான்காவது வகைதான் கண்ணில் படாதது. முழுக்க முழுக்க தண்ணீருக்குள்ளேயே வாழும் செடி. மீன் பண்ணைக்காரர்கள் புல்கெண்டைக்குத் தீனியாகப் போடும் ஹைட்ரில்லா இந்த வகைதான். பேச்சுவழக்கில் அதையும் 'பாசி' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது பூக்கும் தாவரம்.

இந்த ஹைட்ரில்லாவும், கடற்புல்லில் பல வகைகளும் தாவரவியல் கணக்கில் ஒரே குடும்பம். ஒன்று நல்ல தண்ணீரில் தங்கிவிட்டது, இன்னொன்று உப்புத் தண்ணீருக்குப் பழகிக்கொண்டது. இரண்டும் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் விடுவது, கலங்கிய மண்ணைப் படிய வைப்பது, மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கொடுப்பது.

இரண்டுக்கும் பலவீனமும் ஒன்றே. வெளிச்சம் வேண்டும். குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டால் அடியில் இருக்கும் செடிகள் வெயில் கிடைக்காமல் அழுகும். அப்படி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனும் காலியாகும், மீன் செத்து மிதக்கும். 'குளத்தைச் சுத்தம் பண்றோம்' என்று அல்லி, கோரை உட்பட எல்லாவற்றையும் வழித்து எடுப்பதும் சரியில்லை. அகற்ற வேண்டியது மேலே மூடும் போர்வையை.

பாக் நீரிணைக்கு என்ன சிறப்பு?

ஆழம் குறைவு. அதுதான் சிறப்பு. பல இடங்களில் 10 மீட்டர் கூட இருக்காது. அலையும் அடங்கியே இருக்கும். வெயில் தரைவரை இறங்குவதால் கடற்புல்லுக்கு இது தோதான இடம். அருகம்புல் மாதிரி மண்ணுக்கு அடியில் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, பாய் விரித்தது போலப் பரவுகிறது.

அந்தப் பாய்க்குள் நீலக்கால் நண்டு, இறால் குஞ்சு, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் குடியிருக்கின்றன. ஓரா மீன் புல்லையே மேயும். கரையோரத்தில் நாட்டுப்படகில் நண்டு வலை விடுபவருக்கு இது ஒரு நாற்றங்கால்.

கார்பன் கணக்கும் ஒன்று இருக்கிறது. உலகக் கடல் தரையில் கடற்புல் இருக்கும் பரப்பு 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், கடல் ஆண்டுதோறும் மண்ணுக்குள் புதைக்கும் கரிமத்தில் சுமார் 10 சதவீதம் இந்தப் புல்வெளிகளில்தான் சேர்வதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மார்ச் 1-ஐ உலக கடற்புல் தினமாக ஐ.நா. 2022-ல் அறிவித்தது.

ஒரு நாளைக்கு 30 கிலோ புல்!

இந்தப் புல்வெளியின் பிரபலமான வாடிக்கையாளர் கடல் பசு. ஆவுளியா என்றும் சொல்வார்கள். சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை. கடலிலேயே வாழ்ந்து தாவரம் மட்டுமே தின்று வளரும் பாலூட்டி. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் மேயும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும். அதனால் எண்ணிக்கை ஏறுவது ரொம்பவே மெதுவு. இந்தியக் கடல் முழுக்கச் சேர்த்தே சில நூறு கடல் பசுக்கள்தான் மிச்சம்.

இதற்காகத்தான் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். அதிராம்பட்டினத்தில் தொடங்கும் அந்த எல்லை, கோட்டைப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே அம்மாபட்டினத்தோடு முடிகிறது. புல்லுக்கும் கடல் பசுவுக்கும் அந்தக் கோடு தெரியாது என்பது வேறு விஷயம்.

இது சரணாலயம் மாதிரியான ஏற்பாடு இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'பாதுகாப்பகம்' என்பது தனி வகை. உள்ளூர் மக்களிடம் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும், ஆலோசனைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

புல் அழிவது எப்படி?

முதல் காரணம் இழுவை மடி. கடல் தரையை உரசிக்கொண்டே போகும் கனமான வலை புல்லை வேரோடு பிடுங்கும். பிடுங்கியது போக, கிளப்பிவிடும் சேறு சுற்றியிருக்கும் புல்லுக்கு வெயிலை மறைக்கும். குளத்தில் ஆகாயத்தாமரை செய்யும் அதே வேலைதான் இது.

1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. கடற்புல் அதிகம் வளர்வதும் இந்த ஆழமில்லாத பகுதியில்தான். நாட்டுப்படகு மீனவர்களுக்காகப் போட்ட விதி, புல்லுக்கும் வேலியாகிறது. ஆனால் விசைப்படகுகள் அந்த எல்லைக்குள் வந்து மடி இழுப்பதாக நாட்டுப்படகு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லி வருகிறார்கள். எதிர்க்கரையில் யாழ்ப்பாண மீனவர்கள் இந்திய இழுவைப் படகுகள் மீது வைக்கும் புகாரும் இதேதான். இலங்கை 2017-ல் இழுவை மடிக்கு முழுத் தடை விதித்தது.

விசைப்படகுக்காரர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டிய படகு, ஏறிக்கொண்டே போகும் டீசல் செலவு, கொஞ்ச தூரத்திலேயே சர்வதேச எல்லை. 'மடியை விடு' என்று சொல்வது சுலபம், மாற்று வழி காட்டுவதுதான் கஷ்டம்.

இது தவிர நங்கூரம், இறால் பண்ணைக் கழிவுநீர், ஊர்ச் சாக்கடை. சத்து அதிகமாகக் கலந்த கழிவு சேரும் இடத்தில் பாசி பெருகிப் புல் இலைமேல் படர்ந்துவிடும்.

திரும்ப நட முடியுமா?

முடியும். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் கடற்புல் துண்டுகளைச் செருகி, கடல் தரையில் பதிக்கும் முறை பாக் நீரிணையிலேயே நடைமுறையில் இருக்கிறது. தஞ்சாவூர் கடலோரத்தில் ஓம்கார் அறக்கட்டளை இதைச் செய்கிறது. மூங்கிலும் கயிறும் மக்கும்போது, புல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக இதே மாதிரி நடவுப் பணியில் இருக்கிறது.

சிறிய இலை வகைகள் சில மாதங்களில் தேறிவிடும். நீளமான பட்டை இலை வகைகள் தலையெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் மடி இழுக்காமல் இருந்தால்தான் நட்டது நிற்கும்.