வெண்திட்டு சொல்லும் செய்தி
வாயில் தோன்றும் வெண்திட்டை அழுக்கென்று சுரண்டிவிடுவோரிடம் நான் சொல்வது ஒன்றே: அது உடலின் காவல் தளர்ந்ததற்கான அறிவிப்பாக இருக்கலாம்.

நலமுள்ளோர் பலரின் வாயிலும் கேண்டிடா என்னும் பூஞ்சை குடியிருக்கிறது. உமிழ்நீரிலுள்ள ஹிஸ்டாட்டின் புரதங்கள் அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. அது இழையாக நீண்டு திசுவைத் துளைக்க முற்பட்டால், டி அணுக்களில் ஒரு வகை இன்டர்லூகின்-17 என்னும் சமிக்ஞையை எழுப்பி, வாயின் மேற்படல அணுக்களை எதிர்ப்புக்குத் தயார்ப்படுத்துகிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களும் விரைகின்றன.

1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகப் பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் ஐவருக்கும் சளிச்சவ்வில் கேண்டிடா தொற்று இருந்தது.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்போர் மருந்தை நிறுத்தலாகாது. ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அபாயம் குறையும். காரணமின்றித் திரும்பத் திரும்ப வரும் வெண்திட்டுக்கோ, களிம்போடு சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவை.